நோவற்ற கல்: அறிகுறியில்லாப் பித்தப்பைக் கல்லுக்கான அறுவை முடிவும் தாம்பரம் வட்டாரத்தின் மருத்துவ வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

வலியோ காய்ச்சலோ இல்லாத ஒருவரது பித்தப்பையில் தற்செயலாகக் காணப்படும் கல்லை அகற்ற வேண்டுமா, விட்டுவைக்கலாமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் படமெடுக்கும் கருவிகளோடு பிறந்த வினாவாகும். இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் காலந்தோறும் அளித்த விடைகளையும், தாம்பரம் முதலான சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில் அவ்விடைகள் பெறும் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. காசநோய்ச் சிகிச்சையில் இவ்வட்டாரம் முன்பே கண்ட ஒத்த சிக்கல் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பித்தப்பைக் கல், அறிகுறி, தாம்பரம் சானடோரியம், சித்த மருத்துவம், நுண்துளை அறுவை, மருத்துவக் காப்பீடு

முன்னுரை

சிறுநீரகத்தைப் பார்ப்பதற்காகவோ, கருப்பையைப் பார்ப்பதற்காகவோ, நிறுவனம் கட்டாயமாக்கிய முழு உடற்பரிசோதனையின் பகுதியாகவோ வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் ஒருவர், அறிக்கையின் நடுவில் பித்தப்பையில் கல் இருப்பதாக ஒரு வரியைக் காண்கிறார். அதுவரை அவருக்கு ஒரு நோவும் இல்லை. அந்த வரியைப் படித்த கணத்திலிருந்து அவர் ஒரு முடிவை எடுக்க வேண்டியவராகிறார். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், வேளச்சேரி எனத் தொடரும் தென்புறநகரில் ஸ்கேன் மையம் இல்லாத கடைத்தெரு இன்று அரிது. 1984இல் தொடங்கப்பெற்ற மெப்ஸ் ஏற்றுமதி மண்டலமும், பின்னர் வளர்ந்த பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனை செய்துகொள்ளும் ஒரு நடுத்தர வர்க்கத்தை இங்கே குடியமர்த்தின. ஆகவே இந்த வினா இவ்வட்டாரத்தில் மருத்துவர் அறையில் மட்டுமின்றி வீட்டு முற்றத்திலும் பேசப்படுகிறது.

மருத்துவ வரலாற்று நூல்கள் பித்தப்பை அறுவையைப் பெரும்பாலும் கருவிகளின் வெற்றிக்கதையாகவே கூறுகின்றன. யார் முதலில் அறுத்தார், எவ்வளவு சிறிய துளையில் அறுத்தார் என்பதே அக்கதையின் ஓட்டம். யாரை அறுக்காமல் விட்டார்கள், எந்தச் சான்றின்மேல் விட்டார்கள் என்பது அதில் இடம்பெறுவதில்லை. அவ்விடுபட்ட பகுதியே இங்கு ஆய்வுப்பொருள்.

தமிழ் மருத்துவ நூல்களில் பித்தக்கல்

சித்த மருத்துவத்தில் கல்லடைப்பு என்பது சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துக்கொள்வதைக் குறிக்கும். பித்தப்பையில் உள்ள கல்லுக்கு அதைப்போல் நிலைபெற்ற தனிப்பெயர் பழைய நூல்களில் காணப்படுவதில்லை. அந்தக் கல் விளைவிக்கக்கூடிய துன்பங்களுக்கோ பெயர்கள் உண்டு. தோலும் விழியும் மஞ்சளித்தால் காமாலை. மேல்வயிற்றில் எரிவும் வலியுமாக வந்தால் குன்மம். குத்தலாக வந்தால் சூலை. யூகி முனிவரின் பெயரால் வழங்கும் நூல்மரபு நோய்களை 4448 எனத் தொகைப்படுத்துகிறது. அத்தனை பெரிய தொகையிலும் நோவு தராத ஒரு கல்லுக்கு இடமில்லை என்பதைக் குறைபாடாகக் கொள்ளலாகாது. நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வும் நோயாளியின் உடலில் வெளிப்படுவதையே அறியும் முறைகள். எதுவும் வெளிப்படாதபோது அங்கே நோயாளியும் இல்லை.

இந்த நிலை சித்த மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் ஆங்கில அறுவை மருத்துவ நூலொன்றை 'இரணவைத்தியம்' என்ற பெயரில் 1867இல் தமிழில் தந்தார். அதே 1867இல்தான் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் ஜான் பாப்ஸ் என்பவர் கட்டி என எண்ணி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து, அது வீங்கிய பித்தப்பை எனக் கண்டு, கற்களை எடுத்துவிட்டுப் பையைத் தைத்து மூடினார். பித்தப்பையையே முழுதாக அகற்றும் அறுவையை பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் 1882 ஜூலை 15 அன்றுதான் செய்தார். தமிழ் மாணவர் மேலை அறுவை மருத்துவத்தைத் தம் மொழியில் கற்கத் தொடங்கிய காலத்தில், அம்மருத்துவத்திடமே பித்தப்பைக்கான அறுவை இருக்கவில்லை.

லாங்கன்பூக்கின் நோயாளி பல்லாண்டுகளாக வலியில் துடித்தவர் என்பது கருதத்தக்கது. பை கல்லைத் தாங்கியிருப்பதால் அன்று, கல்லை உண்டாக்குவதால் அதை அகற்ற வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். இந்த விளக்கம் வலியுள்ளவரை முன்னிட்டுச் சொல்லப்பட்டது. ஆனால் அதன் தருக்கம் வலியில்லாதவரையும் உள்ளிழுத்துக்கொள்ள வல்லது. முப்பது ஆண்டுகளுக்குள் அது நிகழ்ந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் மேயோ 1911இல் எழுதிய கட்டுரை, தீங்கற்ற பித்தக்கல் என்பதே ஒரு கட்டுக்கதை எனத் தலைப்பிலேயே அறிவித்தது. கல் இருக்கிறதா, எடுத்துவிடு என்னும் கொள்கைக்கு அக்கட்டுரை நெடுங்காலம் துணைநின்றது. மேயோ கண்டவர்கள் அனைவரும் அறுவை மேசைக்கு வந்தவர்கள். வராதவர்களைப் பற்றி அவர் அறிய வழியில்லை என்பதை அப்போது எவரும் பெரிதாகக் கருதவில்லை.

சானடோரியமும் படமும்

தாம்பரம் என்ற பெயர் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் முதலில் இடம்பெறுவது நுரையீரலால். டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய்ச் சானடோரியம் நடத்தியவர். 1917இல் கணிதமேதை ராமானுஜன் அங்கு அவரிடம் சிகிச்சை பெற்றார். (ராமானுஜனுக்கு இருந்தது காசநோயன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என டி. ஏ. பி. யங் 1994இல் வாதிட்டார். உள்ளுறுப்பைப் பார்க்கும் கருவியில்லாத காலத்தில் நல்ல மருத்துவரும் அறிகுறியை மட்டுமே நம்பவேண்டியிருந்ததற்கு இது சான்று.) சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தை 1937இல் சென்னை மாகாண அரசு ஏற்றது. அதற்குள் 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. நோயாளிகளும் அவர்தம் உறவினரும் அந்த ரயிலில் வந்து இறங்கிய நிலையமே இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' எனப்படுகிறது.

காசநோய் மருத்துவம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எக்ஸ்-கதிர்ப் படத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. படத்தில் குழி தெரிந்தால் நுரையீரலைச் சுருங்க வைப்பது, விலா எலும்புகளை வெட்டி எடுப்பது, மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்துவது ஆகியவை சானடோரிய உலகின் வழக்கங்கள். பின்னர், நோவு உணராதவர்களையும் ஊர் ஊராகப் படமெடுத்துக் கண்டுபிடிக்கும் கூட்டுப் படமெடுப்பு முறை உலகெங்கும் பரவியது. படத்தில் தெரியும் நிழல் எல்லாம் நோயா, நோயாளி உணராத நோயை மருத்துவம் தேடிச் செல்லவேண்டுமா என்ற வினாக்கள் இந்தியாவில் கூர்மையாக எழுந்தன.

அவற்றிற்குக் கிடைத்த விடைகளுள் இரண்டு தென்னிந்தியாவிலிருந்து வந்தவை. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. நெருக்கடியான வீடு, எளிய உணவு, ஓய்வின்மை எல்லாம் இருந்தும் வீட்டுப் பிரிவினரின் விளைவு சானடோரியப் பிரிவினரின் விளைவுக்குக் கிட்டத்தட்ட நிகராயிருந்தது. 1959இல் வெளியான இம்முடிவு, சானடோரியம் இன்றியமையாதது என்ற நம்பிக்கையை உலகளவில் அசைத்தது. இரண்டாவது, டி. பானர்ஜியும் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர்ப் பகுதியில் செய்து 1963இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வு. கிருமி உறுதியான நோயாளிகளுள் மிகப்பலர் தம் அறிகுறியை உணர்ந்திருந்தனர் என்பதையும், ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு மருத்துவரை நாடியிருந்தனர் என்பதையும் அது காட்டியது. படக்கருவியோடு ஊரைத் துழாவுவதைவிட, இருமலோடு வருபவரைச் சரியாகக் கவனிப்பதே முதற்பணி என்ற கொள்கைக்கு அது வழிசெய்தது.

காசநோயும் பித்தக்கல்லும் ஒன்றல்ல. காசம் பரவும், கல் பரவாது. எனினும் 'படத்தில் தெரிவது' என்பதையும் 'சிகிச்சைக்குரியது' என்பதையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சி இம்மண்ணில் நுரையீரலின் பெயரால் முன்பே நடந்திருக்கிறது என்பதற்காகவே இவ்வொப்பீடு. அப்பயிற்சி வயிற்று ஸ்கேனின் காலத்துக்குக் கைமாறவில்லை.

தெற்கும் வடக்கும்: ரயில்வே ஏடுகள்

இந்தியாவில் பித்தக்கல் எங்கு மிகுதி என்ற வினாவை முதன்முதலில் பரந்த அளவில் எழுப்பியவர்களுள் ஒருவர் மேற்கு ரயில்வேயின் மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா. ரயில்வே ஊழியர் நாடெங்கும் ஒரே வகைப் பணியையும் ஒரே வகை மருத்துவ வசதியையும் பெற்றவர்கள், ஆகவே ஒப்பிடத்தக்கவர்கள். அவர்களின் மருத்துவ ஏடுகளை ஆராய்ந்து 1968இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தென்னிந்தியரைவிட வடஇந்தியரிடம் இந்நோய் ஏழு மடங்கு மிகுதி என்றது. காரணத்தை அவர் உணவுப் பழக்கத்தில் தேடினார். அவ்விளக்கத்தை அப்படியே ஏற்பது இன்று கடினம். மேலும் அவர் கண்டது நோவோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு. நோவற்ற கற்களைக் காட்டும் ஸ்கேன் அன்று இல்லை. ஆனால் வடக்கு–தெற்கு வேறுபாடு என்னும் அடிப்படைக் கருத்து பின்வந்த ஆய்வுகளாலும் மறுக்கப்படவில்லை. குரூ என்பவரின் குழு காஷ்மீரில் ஸ்கேன் கொண்டு செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வில் வயதுவந்தோருள் 6.12 விழுக்காட்டினரிடம் பித்தப்பை நோய் காணப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு.

இன்னொரு வேறுபாடு கல்லின் இயல்பில் உள்ளது. வடக்கே கொழுப்புக் கற்கள் மிகுதி; தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமானவை எனச் சென்னையில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. வேதியியலாளர்க்கு மட்டும் உரிய செய்தியாக இதை ஒதுக்கிவிட முடியாது. அறுவையின்றிக் கல்லைக் கரைக்கும் மாத்திரைகள் 1970களில் அறிமுகமாயின. அவை கொழுப்புக் கல்லைத்தான் கரைக்கும். அதுவும் சிறியதாய், சுண்ணம் ஏறாததாய், பை நன்கு சுருங்கி விரிவதாய் இருக்கும்போது. கரைந்தாலும் மருந்தை நிறுத்தியபின் பலருக்கு மீண்டும் கல் உண்டாகும். கரைக்க முடியும் என்னும் நம்பிக்கையில் மாதக்கணக்கில் மாத்திரை வாங்கும் தென்புறநகர் நோயாளி, தம் கல் எவ்வகையினது என்ற கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

மூன்றாவது வேறுபாடு மிக முதன்மையானது. பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியிலும் வடகிழக்கிலும் உலகளவில் மிகுந்து காணப்படும் ஒன்று. அங்கே நோவற்ற கல்லையும் எடுத்துவிடுவது நல்லது என்று வாதிடும் மருத்துவர்கள் உள்ளனர். அவ்வாதத்துக்கு நியாயமும் உண்டு. சென்னையிலோ, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பொறுப்பில் 1980களின் தொடக்கத்திலிருந்து பேணப்படும் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு, வடஇந்திய நகரங்களோடு ஒப்பிடுகையில் இப்புற்றுநோய் பல மடங்கு குறைவு என்பதைக் காட்டிவருகிறது. ஆகவே 'விட்டுவைத்தால் புற்றாகும்' என்ற எச்சரிக்கை லக்னோவில் சொல்லப்படும்போது பெறும் எடையைத் தாம்பரத்தில் பெறாது. வாரணாசியிலிருந்தோ பாட்னாவிலிருந்தோ வந்து பெருங்களத்தூரில் குடியேறியவருக்கு எந்தக் கணக்கைப் பொருத்துவது என்பது இப்புறநகருக்கே உரிய புதிய சிக்கல்.

அமைதிக் கல்லின் கணக்கு

வெற்று எக்ஸ்-கதிர்ப் படத்தில் பெரும்பாலான பித்தக்கற்கள் தெரியா. கிரகாம், கோல் என்னும் இருவர் 1924இல் பித்தப்பையில் சேரும் சாயப்பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் முறையைக் கண்டனர். அதன்பின்தான் நோவற்றவரின் கல்லை உயிரோடிருக்கும்போதே காண இயன்றது. இம்முறையின் வழியாகவே, மேயோவின் கொள்கையை அசைத்த ஆய்வும் உருவானது. மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களுக்கு வழக்கமான உடற்பரிசோதனை நடத்திவந்தது. அதில் நோவின்றிக் கல் கண்டறியப்பட்ட 123 பேரை கிரேசி, ரான்சொஹாஃப் ஆகிய இருவரும் பின்தொடர்ந்து 1982இல் முடிவை வெளியிட்டனர். ஐந்தாண்டில் 10 விழுக்காட்டினருக்கும், பத்தாண்டில் 15 விழுக்காட்டினருக்கும், பதினைந்தாண்டில் 18 விழுக்காட்டினருக்கும் பித்தவலி தோன்றக்கூடும் என்பது கணக்கு; அதன்பின் அது ஏறவில்லை. கல்லால் எவரும் இறக்கவில்லை. சிக்கல் கண்ட மூவருக்கும் முதலில் வலியே எச்சரிக்கையாக வந்தது.

இவ்வாய்வின் நோயாளிகளுள் 110 பேர் ஆண்கள், 13 பேரே பெண்கள்; அனைவரும் பல்கலைக்கழக ஆசிரியர்கள். பித்தக்கல் பெண்களிடமே மிகுதி என்பதை நோக்க, இது பெருங்குறை. ரோமில் நடந்து 1995இல் வெளியான ஆய்வு இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. அதில் நோவற்ற 118 பேருள் பத்தாண்டுக்குள் வலி காண்போர் 25.8 விழுக்காடு எனவும், சிக்கல் காண்போர் 3 விழுக்காடு எனவும் கணிக்கப்பட்டது. மிச்சிகன் கணக்கைவிட இது கூடுதல்தான். ஆயினும் நால்வரில் மூவர் பத்தாண்டு முழுவதும் ஒன்றும் உணராமலே கழித்தனர் என்பதே இதன் மறுபக்கம்.

ரான்சொஹாஃபும் உடனாய்வாளரும் 1983இல் வேறொரு கோணத்தில் கணக்கிட்டனர். நோவற்ற கல்லுள்ள 30 வயது ஆண் உடனே அறுவை செய்துகொண்டால், காத்திருப்பவரை நோக்கச் சராசரியாக 4 நாள் வாழ்நாளை இழப்பார். 50 வயதினர் 18 நாள் இழப்பார். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையின் காலத்துக் கணக்கு அது. நாட்களின் எண்ணிக்கை அற்பமானது. அந்த அற்பத்தன்மையே அதன் செய்தி. உயிரை நீட்டிக்கும் என்ற பெயரில் இவ்வறுவையைப் பரிந்துரைக்க இயலாது என்பது தெளிவாயிற்று. ஆனால் அறுவையையும் காத்திருத்தலையும் குலுக்கல் முறையில் நேருக்குநேர் ஒப்பிட்ட ஆய்வு எதுவும் இல்லை என்று 2007இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. காசநோய்க்குச் சென்னையில் 1956இல் செய்யப்பட்டதைப் பித்தக்கல்லுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னும் உலகில் எவரும் செய்திருக்கவில்லை.

சிறுதுளை வந்தபின்

எரிக் மூஹே ஜெர்மனியில் 1985இலும், பிலிப் மூரே பிரான்சில் 1987இலும் வயிற்றைத் திறக்காமல் துளைகள் வழியே பித்தப்பையை அகற்றினர். இந்தியாவில் டெஹம்டன் உத்வாடியா 1990இல் மும்பையில் இதைச் செய்தார். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் சி. பழனிவேலு இத்துறையை வளர்த்தெடுத்தார். பத்து நாள் மருத்துவமனையிலும் ஒரு மாதம் வீட்டிலும் கிடக்கவேண்டிய நிலை மாறி, ஓரிரு நாளில் வீடு திரும்பும் நிலை வந்தது. வலியுள்ள நோயாளிக்கு இது பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை.

வலியில்லாதவர் விஷயத்தில் விளைவு வேறு. பென்சில்வேனியாவின் ஒரு காப்பீட்டு அமைப்பின் ஏடுகளை ஆராய்ந்த லெகொரெட்டா முதலியோர் 1993இல் வெளியிட்ட செய்தி இதைக் காட்டுகிறது. 1988இல் ஆயிரம் உறுப்பினருக்கு 1.35 ஆக இருந்த பித்தப்பை அறுவை 1992இல் 2.15 ஆக உயர்ந்தது. ஓர் அறுவைக்கான செலவு குறைந்தது. மொத்தச் செலவோ கூடியது. நான்காண்டுக்குள் மக்களிடம் கல் இவ்வளவு பெருகியிருக்க முடியாது. அறுவைக்குரியவர் யார் என்பதன் எல்லைதான் விரிந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1992 செப்டம்பரில் கூட்டிய கருத்தொருமைப்பாட்டு மாநாடு, நோவற்ற கல்லுள்ளோருள் பெரும்பாலோருக்குச் சிகிச்சை வேண்டியதில்லை என அறிவித்தது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையில் நின்றது துளையின் சிறுமை.

புதிய முறை தனக்கே உரிய ஓர் ஆபத்தையும் கொண்டுவந்தது. பித்தப்பையின் குழாய் எனக் கருதிப் பொதுப் பித்தநாளத்தையே வெட்டிவிடும் பிழை, திறந்த அறுவையில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்தது. துளை அறுவையின் தொடக்கக் காலத்தில் ஆயிரத்துக்கு மூன்று முதல் ஆறு எனக் கணக்கிடப்பட்டது. இதைத் தவிர்க்கும் பாதுகாப்பு நெறி 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் முதலியோரால் வகுக்கப்பட்டது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அப்பிழைக்கு ஆளானவர் மீண்டும் மீண்டும் அறுவைக்கு உள்ளாக நேரும். வலியில் துடித்தவர் அந்த ஆபத்தை ஏற்பதற்கும், நேற்றுவரை நலமாக அலுவலகம் சென்றவர் ஏற்பதற்கும் உள்ள தொலைவு அளவிடற்கரியது.

விதிவிலக்குகள் உண்டு. பித்தப்பைச் சுவரில் சுண்ணம் ஏறியிருத்தல், கல்லோடு ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தசைத்திரள் இருத்தல், கல் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுதல், சிவப்பணு சிதையும் பரம்பரை நோய் இருத்தல் ஆகிய நிலைகளில் நோவின்றியும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. சர்க்கரை நோயும் ஒருகாலத்தில் இப்பட்டியலில் இருந்தது. சர்க்கரை நோயாளிக்குக் கல் இருந்தால் காத்திருக்காதே என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி விதி. 1980களுக்குப் பிந்திய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. இன்று சர்க்கரை நோய் மட்டுமே அறுவைக்குப் போதிய காரணமாகக் கொள்ளப்படுவதில்லை. சென்னையில் 2003–04இல் வயதுவந்தோருள் 14.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உண்டு என 'க்யூர்ஸ்' ஆய்வு கண்டது. பழைய விதி கைவிடப்பட்ட செய்தி எட்டாத இடத்தில், இந்நகரில் எத்தனை குடும்பங்களை அது தொடும் என்பதை இவ்வெண்ணிலிருந்து உய்த்துணரலாம்.

அறிகுறி எனப்படுவது யாது

முடிவு முழுவதும் 'அறிகுறியில்லை' என்ற ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. அச்சொல்லோ தோன்றுமளவு தெளிவானதன்று. மருத்துவர் தேடும் பித்தவலி மேல்வயிற்றிலோ வலப்புற விலாவின் கீழோ தோன்றி, அரைமணிக்கு மேல் விடாமல் நின்று, சிலபோது முதுகுக்கும் வலத் தோளுக்கும் ஏறி, சில மணிநேரத்தில் அடங்குவது. காய்ச்சலோ மஞ்சளோ சேர்ந்தால் அது காத்திருப்புக்கு உரியதன்று. தமிழ்ப் பேச்சுவழக்கில் வயிற்றுக் குறைகளைச் சொல்லும் சொற்கள் வேறு: வாயு, பொருமல், நெஞ்சுக்கரிப்பு, செரிக்கவில்லை, பித்தமாய் இருக்கிறது. நடுவயதினர் பலரிடம் இவற்றுள் ஒன்றேனும் இருக்கும். ஸ்கேனில் கல் தெரிந்தபின் இவை எல்லாம் கல்லின் கணக்கில் எழுதப்படுகின்றன.

பிரிட்டனில் டபிள்யூ. எச். பிரைஸ் 50 முதல் 70 வயதுள்ள பெண்களிடம் செய்து 1963இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. செரிமானக் கோளாறு பித்தக்கல் உள்ளவரிடமும் இல்லாதவரிடமும் ஒரே அளவில் காணப்பட்டது. பொருமலுக்காகப் பித்தப்பையை எடுத்துக்கொண்டவருக்கு, பை போனபின்னும் பொருமல் எஞ்சியிருப்பதன் விளக்கம் இதுவே. பித்தம் என்னும் சொல் இக்குழப்பத்தை மேலும் கூட்டுகிறது. சித்த மருத்துவத்தின் பித்தம் வாதம், கபம் ஆகியவற்றோடு உடலெங்கும் இயங்கும் உயிர்த்தாது. நவீன உடற்கூற்றின் பித்தநீர் கல்லீரலில் சுரக்கும் ஒரு திரவம். மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரு சொல்லால் குறிக்கப்பட்டதால், தலைச்சுற்றலையும் கசப்பான வாயையும் பைக்குள் இருக்கும் கல்லோடு இணைப்பது தமிழருக்கு எளிதாயிற்று. இவ்விணைப்பு அறுவைக்கும் இட்டுச்செல்லும். பித்தத்தைத் தணித்தால் கல் கரையும் என்ற எதிர்ப்பார்வைக்கும் இட்டுச்செல்லும். 2005இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒரே சானடோரியம் பகுதியில் அமைந்திருப்பதால், இரு அகராதிகளும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் சந்திக்கின்றன என்று கூறலாம்.

காப்பீட்டின் நாட்காட்டி

மேயோவும் ரான்சொஹாஃபும் எண்ணிப்பார்க்காத ஒரு காரணி இன்று முடிவை இழுக்கிறது. 2009 ஜூலையில் தமிழக அரசு கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறுகிறது. நிலத்தை அடகுவைக்காமல் அறுவைக்குச் செல்லும் வாய்ப்பை ஏழைக் குடும்பங்களுக்கு இது தந்தது. தனியார் காப்பீட்டில் நிலைமை வேறு. பல பாலிசிகள் பித்தப்பைக் கல்லுக்கு இரண்டாண்டுக் காத்திருப்புக் காலம் விதிக்கின்றன; முன்பே அறியப்பட்ட நோயானால் விதிகள் இன்னும் கடுமையாகும். நிறுவனத்தின் குழுக்காப்பீட்டில் பெரும்பாலும் இத்தடை இருப்பதில்லை. ஆகவே மெப்ஸிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ பணிபுரிபவர், வேலை இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது எனக் கருதுகிறார். உடலின் கேள்வி பணி ஒப்பந்தத்தின் கேள்வியாகிறது. இதை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. ஓய்வுபெற்றபின் அல்லது வேலையிழந்தபின் நள்ளிரவில் கணைய அழற்சியோடு மருத்துவமனைக்குச் செல்லநேர்ந்தால் செலவை யார் ஏற்பது என்பது நியாயமான அச்சம். ஆனால் அவ்வச்சம் பித்தப்பையைப் பற்றியதன்று என்பதை முடிவெடுப்பவரும் மருத்துவரும் பிரித்தறிவது நலம்.

காத்திருப்பவரைப் பற்றிய ஏடு எங்கும் இல்லை என்பது இவ்வரலாற்றின் இன்னொரு கூறு. அறுவை செய்துகொண்டவரின் பெயர் மருத்துவமனைப் பதிவிலும் காப்பீட்டுக் கோப்பிலும் நிற்கும். நோயியல் கூடத்தில் அவரது பித்தப்பையின் துண்டும் நிற்கும். காத்திருந்தவர் எந்தக் கோப்பிலும் இல்லை. மிச்சிகனில் 123 பேரைப் பின்தொடர முடிந்ததற்குக் காரணம், அவர்களின் பல்கலைக்கழகம் உடற்பரிசோதனை ஏடுகளைத் தானே பல்லாண்டு பாதுகாத்தது. தாம்பரம் வட்டாரத்தில் ஸ்கேன் அறிக்கை நோயாளியின் கையிலேயே தரப்படுகிறது. அது நெகிழி உறையில் குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றோடு பீரோவில் வைக்கப்படுகிறது. அடுத்த ஸ்கேன் எடுக்கும் நாளில், கல் வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளியே எடுக்கப்படுகிறது.